கண்ணாடியில் மஞ்சள் விளக்கு

ஜூன் 4

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சௌக்கியம். நீயும் என் மருமகள் சுண்டெலியும் சௌக்கியமா? போன் மணி அடித்தால் நீ எடுப்பதே இல்லை என்று அவள் சொன்னாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தச் செய்தியைப் போனில் சொன்னவன் நான்தான். அதனால் இனி உனக்குக் கடிதம்தான். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

கிளம்பி மூன்று நாள் ஆகிறது. கடலோரச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மணல்மேடு, நடுவில் நான். நேற்று காலை பிடித்த மழை சாயங்காலம் வரை விடவில்லை. நீ செய்து கொடுத்த மழைக்கோட்டுக்குள் ஒரு சொட்டுப் புகவில்லை. பூட்ஸுக்குள்தான் குளம். லாட்ஜ்காரர் என் சாக்ஸைப் பார்த்துவிட்டு, "மீன் ஏதாவது மாட்டுச்சா?" என்று கேட்டார்.

பைக் கிளப்புக்காரர்கள் இந்த வருஷக் கையேட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். எந்த ரோடு எப்படி, எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே தங்கலாம், எங்கே தங்கவே கூடாது, எல்லாம் எழுத வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கட்டைப் பிரம்மச்சாரிக்கு வேறு என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். முதலில் கடற்கரை, பிறகு சமவெளி, அக்டோபரில் மலை. எந்தத் தேதியில் எந்த லாட்ஜ் என்று ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் முன்கூட்டிப் போட்டால் கடிதம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று. சுண்டெலிக்கு அக்டோபரில் கல்லூரி விடுமுறை. மாப்பிள்ளை வண்டியைத் தகரக் கொட்டகையில் துருப்பிடிக்க விடாதே. மெக்கானிக் அதைச் சரி செய்துவிட்டார். அவள் அதை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு வரட்டும். அங்கிருந்து என் வண்டிக்குப் பின்னால் மலை ஏறட்டும். அவள் அப்பா பாதியில் விட்ட சாலையை அவள் முடித்தால் எனக்கும் மனசு ஆறும். உடனே முடியாது என்று எழுதிவிடாதே. யோசித்துச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஜூன் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தைலத்தை எடுத்துப் போனாயா, இல்லை வழக்கம்போல மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனாயா?

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. நாலு பேர் கோட்டுத் தைக்கிறார்கள், நான் டேப் ஒட்டுகிறேன். ஊசி போன துளை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வாசல். தையலின் உள்பக்கம் டேப்பை வைத்துச் சூட்டோடு அழுத்த வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது, கூடினால் துணி சுருங்கும். அக்குளில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கும். அவர் அன்று போட்டிருந்த கோட்டும் நான் ஒட்டியதுதான். போலீஸில் திருப்பிக் கொடுத்தபோது உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். ஒரு தையலும் விடவில்லை. அவர் நனையாமல்தான் இருந்திருக்கிறார். எனக்கு இருக்கிற ஆறுதல் அது ஒன்றுதான், சிரிக்காதே.

உன் மருமகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். தினம் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுகிறாள். சத்தம் தேயும் வரை ஜன்னலில் நிற்கிறேன். அவள் திரும்பும் வரை அடுப்பில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பெற்றது நான், பிடிவாதம் மட்டும் உன்னுடையது.

அனுப்புவதா வேண்டாமா என்று நான்தான் முடிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அன்று நடந்ததை இன்னொரு முறை எழுது. நீ வீட்டுக்கு வந்து சொன்னபோது ஒரே கூட்டம், என் காதில் பாதி ஏறவில்லை. "கண்ணாடியில பார்த்தேன், உடனே திரும்பிட்டேன்" என்று நீ சொன்னது மட்டும்தான் நினைவிருக்கிறது. யாரோ ஒரு அம்மாள் கம்பளி கொடுத்தார் என்றாயே, அவர் யார்? அவருக்கு ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை.

குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே.

தங்கை

ஜூலை 12

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். தைலத்தை மேஜை மேலேயே விட்டுவிட்டேன். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சமவெளிக்கு வந்துவிட்டேன். ரோடு கயிறு பிடித்துப் போட்ட மாதிரி நேராக ஓடுகிறது. அழகு என்றால் அழகு, ஆனால் காற்று பொல்லாதது. பக்கவாட்டில் அடிக்கிற காற்றுக்கு எதிராக வண்டியைச் சாய்த்துப் பிடித்தே நாலு மணி நேரம் ஓட்டினேன். ஒரு லாரி கடந்து போனால் அந்த ஒரு நொடி காற்று நின்றுவிடும், சாய்ந்திருக்கிற வண்டி அந்தப் பக்கமே விழப் பார்க்கும். முந்தாநாள் வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டியது. அடுத்த நாளே ஆலங்கட்டி மழை. ஹெல்மெட் மேல் விழுந்த சத்தத்தில், யாரோ என்னைக் கல்லால் அடிக்கிறார்கள் என்று நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

நீ கேட்டதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அடிவாரத்தில் ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருவரும் நின்றோம். மழை, மூடுபனி. பனியில் நான் அடையாளம் கண்டுகொள்ள அவர் தன் ஹெட்லைட்டில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். முன்னால் போகிறவன்தான் பின்னால் வருகிறவனுக்குக் காவல். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். விளக்குத் தெரியாவிட்டால் நிற்க வேண்டும், அப்படியும் வராவிட்டால் திரும்பிப் போக வேண்டும். பிரிவு வந்தால், பின்னால் வருகிறவன் கை தூக்கிக் காட்டும் வரை நகரக் கூடாது.

மொத்தம் இருபத்தொரு கொண்டை ஊசி வளைவு. பதினாலில் மஞ்சள் தெரிந்தது. பதினைந்தில் தெரியவில்லை. உடனே திரும்பினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவருக்கு வலி தெரிந்திருக்காது. மலை உச்சியில் டீக்கடை வைத்திருக்கிற அம்மாள்தான் கம்பளி கொடுத்தது. அவ்வளவுதான்.

இனி இதைப் பற்றிக் கேட்காதே, என்னால் முடியவில்லை. சுண்டெலியை இரண்டு கியர் குறைத்து இறங்கிப் பழகச் சொல்.

அண்ணன்

ஜூலை 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். ஆலங்கட்டி விழுந்த இடத்தில் வீங்கவில்லையே?

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலிலேயே படித்தேன். அழுதேன். ஆனால் அழுது முடித்த பிறகு மனசு லேசாகிவிட்டது. உன்னை எழுத வைத்தது தப்புத்தான், மன்னித்துக்கொள். இனி கேட்க மாட்டேன்.

உன் மருமகளை அனுப்புகிறேன். அக்டோபர் பதினான்கில் கிளம்புவாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வருகிறவன் முன்னால் போனால் போதும், அதற்கு மேல் பெற்றவள் என்ன கேட்க முடியும்? சொன்னதும் என்னைத் தூக்கிச் சுற்றினாள். எனக்கு ஐம்பது வயசு, முட்டி வலி என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகமே இல்லை.

அந்த அம்மாளின் விலாசம் கிடைத்துவிட்டது. போலீஸ் கொடுத்த காகிதத்தில் சாட்சி என்று எழுதியிருந்தது. உச்சியிலிருந்து அவ்வளவு தூரம், அந்த மழையில், கம்பளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாரா? இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவருக்கு ஒரு மழைக்கோட்டுச் செய்து இன்று காலையில் பார்சல் போட்டேன். அளவு தெரியாமல் கையைக் கொஞ்சம் நீளமாக விட்டிருக்கிறேன். கூடவே ஒரு கடிதமும் வைத்தேன்.

தைலம் அனுப்புகிறேன், தேய்த்துக்கொள்.

தங்கை

ஆகஸ்ட் 27

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் கிளப்பு வேலை குறுக்கே வருகிறது. தைலம் வந்தது.

இங்கே ஏரிகளைச் சுற்றிப் போகிற ரோடு. காலையில் தண்ணீருக்கு மேல் பனி கிடக்கிறது. பத்து மணிக்கு மேல் விலகுகிறது. படம் எடுத்திருக்கிறேன், பிறகு காட்டுகிறேன்.

அந்தப் பார்சலை நீ அனுப்பியிருக்க வேண்டாம். மலை மேல் தபால் ஒழுங்காகப் போகாது. கடையே இப்போது இருக்கிறதோ இல்லையோ. பதில் வரவில்லையே என்று வருத்தப்படாதே. அப்படியே வந்தாலும், நாளைக்கு நூறு பேர் வந்து போகிற கடை, யாரோ ஒருவர் கதையை இன்னொருவர் கதையோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நேரில் போகும்போது நானே கொடுத்திருப்பேன்.

சேர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு என்று கையேட்டில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன். சுண்டெலிக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன், மனப்பாடம் செய்யட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

செப்டம்பர் 2

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

மலை மேல் டீக்கடை வைத்திருப்பவள் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் மகளும் நன்றாக இருக்க வேண்டும். பார்சல் பத்திரமாக வந்தது. கோட்டு அம்சமாக இருக்கிறது. கை கொஞ்சம் நீளம்தான், மடித்து விட்டுக்கொண்டேன். நாலு நாளாக மழையில் இதைப் போட்டுக்கொண்டுதான் விறகு எடுக்கிறேன். பழைய கம்பளி ஒன்றைக் கொடுத்ததற்கு யாராவது இவ்வளவு செய்வார்களா?

நான் கீழே இறங்கி வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லாத புகழ் எனக்கு வேண்டாம் அம்மா. எனக்கு முழங்கால் முடியாது, நான் கடையை விட்டு நகரவில்லை. கம்பளியை உங்கள் அண்ணன் கையில்தான் கொடுத்தேன்.

அவரை நன்றாக நினைவிருக்கிறது. அந்த மழையில் ஒற்றை ஆளாக ஏறி வந்து இறங்கினார், முகமெல்லாம் சிரிப்பு. "இந்த ரோட்டுல இப்படி ஏறினதே இல்லம்மா" என்றார். டீ கேட்டார். "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டேன். "கூட ஒரு ஆமை வருது. மெதுவா வந்து சேரும்" என்றார். கிளவுஸை அடுப்புப் பக்கத்தில் காயப் போட்டுவிட்டு இன்னொரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மழை கொஞ்சம் வெளுத்ததும் வாசலில் நின்று மேகத்தைப் படம் எடுத்தார். ரேடியோவில் பன்னிரண்டு மணிச் செய்தி ஆரம்பிக்கும்போது வந்தவர். ஒரு மணிச் செய்தி முடிந்த பிறகுதான் பால் வேன்காரர் ஓடி வந்தார். உங்கள் அண்ணனுக்கு அப்போது முகம் செத்துப்போனது. கம்பளியை வாங்கிக்கொண்டு, கிளவுஸைக்கூட எடுக்காமல் வண்டியைத் திருப்பினார். இருவரும் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டதாம்.

உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் கடைசியில் அநாதையாக இல்லை. பதினாலாவது வளைவில் அவரைப் பார்த்ததும் வேன்காரர் இறங்கிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே போன் எடுக்காது. மேலே போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், கொஞ்சம் இருங்க. முன்னால என் மச்சான் போறார். கண்ணாடியில பார்ப்பார், இப்பத் திரும்பிடுவார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதனால்தான் வேன்காரரும் அரை மணிக்கு மேல் காத்திருந்துவிட்டு, பேச்சு குறைந்ததும் பயந்துபோய் மேலே வந்தார். அவ்வளவு நம்பிக்கையோடு போயிருக்கிறார். சொந்தம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

உங்கள் அண்ணனின் கிளவுஸ் என்னிடமே இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கோட்டு போட்டதும் உங்களைத்தான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
டீக்கடைக்காரி

செப்டம்பர் 9

அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலம் எப்படி?

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது. மலை மேல் தபால் ஒழுங்காகத்தான் போகிறது. உங்கள் கிளவுஸ் அங்கே பத்திரமாக இருக்கிறதாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று உச்சியில் எத்தனை டீ குடித்தீர்கள்?

தங்கை

செப்டம்பர் 24

அன்புத் தங்கச்சிக்கு,

நலமா? எனக்கு நாலு நாளாக ஜுரம், இப்போது பரவாயில்லை.

செயின் அறுந்து ஒரு வாரம் ஒரு சின்ன ஊரில் மாட்டிக்கொண்டேன். லாட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் போன வருஷத்துக் காலண்டர். கதவு சாத்தாது. ஈரம் ஏறி உப்பிப்போயிருக்கிறது. மெக்கானிக் நல்ல மனுஷன், ஆனால் ஒரு நட்டைக் கழற்ற அரை நாள் எடுக்கிறார். ஏரிப் படங்கள் இத்தோடு இருக்கின்றன. இரண்டாவது படத்தில் வலது ஓரம் தெரிவது நாரை, சேறு இல்லை.

உன் கடிதத்தை இங்கே வந்து பார்த்தேன். "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். ஐந்து வயசில் என் சட்டையைப் பிடித்து இழுத்து "டேய் அண்ணா" என்றவள்.

கேட்டதற்கு நேரில் வந்து பதில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. அடுத்தவர் சொல்வதைக் கேட்டு ஒரு முடிவுக்கும் வராதே. சுண்டெலி பதினான்கில் கிளம்புகிறாள் இல்லையா? பதினாறாம் தேதி காலையில் அடிவார லாட்ஜ் வாசலில் நான் தயாராக இருப்பேன்.

அண்ணன்

செப்டம்பர் 30

அண்ணனுக்கு,

ஜுரம் விட்டதா? மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா? கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கை தானாக எழுதிவிட்டது. இருக்கட்டும்.

ஐந்து நிமிஷம் என்று நீங்கள் எழுதியதை நம்பித்தான் நான் அழுது முடித்தேன். இப்போது மறுபடி முதலிலிருந்து அழுகிறேன். பட்டறையில் டேப் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் அவர் வேன்காரரிடம் சொன்னதுதான் காதில் கேட்கிறது. "இப்பத் திரும்பிடுவார்." இரண்டு நாளில் ஏழு கோட்டைச் சுருக்கிவிட்டேன். மேஸ்திரி திட்டவில்லை, லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

வழுக்கியது மழை. விழுந்தது அவர். அதற்கு உங்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்கள் மேலே உட்கார்ந்திருந்தது வேறு. அவர் உங்களை நம்பி, உதவிக்குப் போகிறவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தார். அப்புறம் நீங்கள் என் வீட்டுக் கூடத்தில் நின்று எனக்கு ஐந்து நிமிஷக் கதை சொன்னீர்கள். அதே வாயால் என் பெண்ணையும் பின்னால் வரச் சொல்கிறீர்கள்.

அவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். அந்தக் காரணம் என்னுடையது இல்லை, உங்களுடையது. நீங்கள்தான் எழுத வேண்டும். நேரில் வந்து சொல்கிற பேச்செல்லாம் போன வருஷமே ஆகிவிட்டது. பன்னிரண்டாம் தேதிக்குள் உங்கள் கடிதம் வராவிட்டால் டீக்கடை அம்மாளின் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிடுவேன்.

இவள் உங்கள் பின்னால் வரலாமா கூடாதா? மலை ஏறத் தெரிந்தவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்.

தங்கை

அக்டோபர் 6

தங்கச்சி,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். போன வருஷம் தங்கிய அதே லாட்ஜ். அறை மட்டும் வேறு.

இரண்டு டீ.

அன்று காலையில் இங்கே வாசலில் நின்று மாப்பிள்ளை, "மழை விடட்டும் மச்சான். பத்திரமா வர்றேன்னு அவ கிட்ட சொல்லியிருக்கேன்" என்றார். எனக்கு எரிச்சல். ஒன்பது நாளாக வளைவுக்கு வளைவு அவருக்காக நின்று நின்று வந்திருந்தேன். "ஆமைக்கு எதுக்குய்யா பைக்? போய் அவ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரு" என்றேன். லாட்ஜ்காரர் சிரித்தார். மாப்பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். நான் அப்படிப் பேசியிராவிட்டால் அன்று அவர் ஏறியிருக்கவே மாட்டார். வழுக்கியது மழை என்று நீ எழுதியிருக்கிறாய். அந்தப் பெருந்தன்மையும் எனக்கு ஆகாது.

ஏற ஆரம்பித்ததும் கண்ணாடியில் அந்த மஞ்சள் விளக்கு கீழே கீழே போனது. அது தெரிகிற வரை நான் மெதுவாகப் போயாக வேண்டும். மூன்றாவது வளைவில் கண்ணாடியை உள்பக்கம் திருப்பினேன். அதன் பிறகு அதில் தெரிந்தது என் மழைக்கோட்டின் கை மட்டும்தான். நீ செய்த கோட்டு. பதினாலில் மஞ்சள் தெரிந்தது என்று உனக்கு எழுதியது பொய். மூன்றுக்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை.

நான் அந்த மலையை ரொம்ப நன்றாக ஏறினேன். வாழ்நாளில் அப்படி ஏறியதில்லை. வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன், தங்கச்சி. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. டீயை ஒரு நாள் சொல்லியிருப்பேன்.

முதல் டீ குளிருக்கு. இரண்டாவது, அவர் வந்து சேரும்போது நான் கால் மேல் கால் போட்டுக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. கேலி செய்ய ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

கையேட்டில் சேர்ந்து ஓட்டுகிறவர்களுக்கான பக்கத்தை எழுத முடியவில்லை என்று கிளப்புக்குச் சொல்லிவிட்டேன்.

அவளை என் பின்னால் அனுப்பாதே. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு.

அண்ணன்

அக்டோபர் 11

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அவளிடம் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். அழவில்லை. கொட்டகைக்குப் போய் ஹெட்லைட்டில் கிழிந்து கிடந்த மஞ்சள் தாளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டினாள்.

போக வேண்டாம் என்று கெஞ்சினேன். "அப்பாவுக்கு இன்னும் ஏழு வளைவு பாக்கி இருக்கும்மா" என்றாள். பதினான்கில் தனியாகக் கிளம்புகிறாள். அவள் கோட்டை நானே ஒட்டினேன். இந்த முறை எதுவும் சுருங்கவில்லை.

உங்கள் லாட்ஜ் வாசலைத் தாண்டித்தான் அவள் போயாக வேண்டும், வேறு ரோடு இல்லை. நீங்கள் வெளியே வந்து நிற்க வேண்டாம். இது அவள் சொல்லச் சொன்னது.

நலம் விசாரித்து முடிக்க மனசு வரவில்லை.

தங்கை

அக்டோபர் 16

தங்கச்சி,

அவள் நலம். முதலில் அதைத் தெரிந்துகொண்டு பிறகு மற்றதைப் படி.

காலை பத்தரைக்கு இங்கே தாண்டினாள். நான் வெளியே நிற்கவில்லை. ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்றேன். நல்ல மழை. மஞ்சள் விளக்கு தூரத்திலேயே தெரிந்தது. அவள் அப்பா மாதிரியே முதுகை நிமிர்த்தி, அவசரமே இல்லாமல் ஓட்டுகிறாள். சொல்லை மீறக் கூடாது என்றுதான் இருந்தேன். விளக்கு மறைந்ததும் முடியவில்லை. வண்டியை எடுத்தேன். கண்ணில் படாத தூரத்தில் போனேன்.

ஆனால் ரோடு பிரிகிற இடத்தில் அவள் நின்றிருந்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு வண்டி வருகிறது, அது யாராக இருந்தாலும் வழி தவறிவிடக் கூடாது என்று நின்றிருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளுக்கு அது வருகிறது. நான் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் அவளுக்கு நான் யார் என்று தெரிந்தது. பிறகு கையை நீட்டிக் கண்ணாடியை உள்பக்கம் திருப்பினாள். கியரைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இருபத்தொரு வளைவும் அவள் வேகத்திலேயே பின்னால் ஏறினேன். பதினாலில் இஞ்சின் சத்தம் நின்றது. நான் பன்னிரண்டிலேயே நின்றுவிட்டேன். மறுபடி சத்தம் கேட்ட பிறகுதான் கிளம்பினேன்.

உச்சியில் அவள் கடைக்குள் இருந்தாள். அடுப்புப் பக்கத்தில் முதுகு தெரிந்தது. வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தாள். எதிர்ப்பக்கம் இறங்குகிற ரோடு இன்னும் செங்குத்து, பின்னால் வருகிற வண்டி தெரியாமல் அதில் இறங்கக் கூடாது. கண்ணாடியைச் சரியாகத் திருப்பி வைக்கலாம் என்று பக்கத்தில் போனேன். குனிந்து பார்த்தேன். அதில் கைப்பிடியும் மழையும்தான் தெரிந்தன. கடைக்கார அம்மாள் உன் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. என் கிளவுஸை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

கண்ணாடியைத் தொடவில்லை. அவள் வெளியே வருவதற்குள் இருபதாவது வளைவுக்கு இறங்கிப் போய் நின்றேன். மேலே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் முழுவதும் இறங்கி, சத்தம் தேயும் வரை அங்கேயே நின்றேன்.

பத்திரமாகத்தான் இறங்கினாள்.

அண்ணன்